குருதி சொல்லும் சாட்சி

தேய்ந்துபோன இடுப்பு மூட்டை அகற்றிவிட்டுச் செயற்கை மூட்டுப் பொருத்துவது விஞ்ஞானம் தந்த கொடை, மறுப்பாரில்லை. கொடையிலே நஞ்சு கலந்தால்?

டெப்யூ நிறுவனத்தாரின் ஏ.எஸ்.ஆர். மூட்டிலே கிண்ணமும் உலோகம், பந்தும் உலோகம். கோபால்ட்டும் குரோமியமும் கலந்தவை. நடக்க நடக்க உரசின. துகள்கள் சுற்றியுள்ள தசையை அரித்தன. அயனிகள் குருதியில் ஏறின. லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் மேற்கொண்டு ஆராய்க என்று பிரிட்டனின் கண்காணிப்புத் துறை 2010 ஏப்ரலில் எச்சரித்தது. அளவு மிக உயர்ந்தால் கோபால்ட்டு இதயத்தையும் செவியையும் கண்ணையும் தாக்கும். ஆஸ்திரேலியாவில் 2009-லேயே விற்பனையை நிறுத்தியோர், உலகெங்கும் திரும்பப் பெற்றது 2010 ஆகஸ்டில்! அதற்குள் ஏறத்தாழ 93,000 மூட்டுகள் பொருத்தப்பட்டுவிட்டன. இந்தியாவில் மட்டும் சுமார் 4,700.

அமெரிக்காவிலே ஏறத்தாழ 8,000 பேருக்காக 250 கோடி டாலர் அளிக்க, தாய் நிறுவனமான ஜான்சன் அண்ட் ஜான்சன் 2013-இல் இசைந்தது. டெல்லி அரசு நிபுணர் குழு அமைத்ததோ 2017-இல். ஏழாண்டு உறக்கம்! குழு தேடியபோது பெரும்பாலோர் எங்குள்ளனர் என்றே தெரியவில்லை. மாட்டு வண்டிக்கும் மிதிவண்டிக்கும் வில்லை கட்டி வரி வாங்கத் தெரிந்த நாட்டில், மனிதன் உடலுக்குள் வைத்த உலோகத்துக்குக் கணக்கில்லை!

பொருத்தும் ஒவ்வொரு மூட்டும் சட்டப்படி பதிவேட்டில் ஏற வேண்டும். அதுவரை, 2010-க்கு முன் இடுப்பு அறுவை செய்துகொண்டோரைக் கழகத் தோழர்கள் ஊர்தோறும் கண்டு, பழைய மருத்துவமனைச் சீட்டைத் தேடியெடுக்கச் சொல்லுங்கள், அதிலே ஏ.எஸ்.ஆர். என்றிருந்தால், வலியில்லாவிடினும் இரத்தச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.