எடை மட்டும் போதாது

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் ஆலைகளில் ஷிப்ட் முறையில் உழைக்கும் பெற்றோருக்கு, பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு நாள் விடுப்பு கிடைப்பதே பெரும்பாடு. வயிற்றுவலிக்கு மருந்துக்கடை மாத்திரையோடு நாட்கள் நகர்கின்றன. ஆனால் வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கும், மலத்தில் ரத்தமும், தடைபட்ட வளர்ச்சியும் குரோன்ஸ் போன்ற நாள்பட்ட குடல் அழற்சி நோயின் அறிகுறிகளாக இருக்கலாம்.

இந்நோய் குடலோடு நிற்பதில்லை. அழற்சி தசைப் புரதத்தைச் சிதைக்கிறது. பசியின்மை உடலுக்குச் சேர வேண்டிய சத்தைக் குறைக்கிறது. நீண்டநாள் ஸ்டீராய்டு மருந்தும் தசையைக் கரைக்கிறது. சிகிச்சையில் எடை கூடிய பிறகும் தசை மீளாமல் போகலாம். ஆகவே தராசை மட்டும் நம்பாமல் கைப்பிடி வலிமையையும் மேற்கைச் சுற்றளவையும் அளக்க வேண்டும். குடல் காசநோயும் குரோன்ஸ் நோயின் அறிகுறிகளையே காட்டுவதால் முறையான பரிசோதனை அவசியம்.

குழந்தைகளின் குரோன்ஸ் நோய்க்கு 6 முதல் 8 வாரம் முழுமையான திரவ ஊட்டச்சத்து உணவு மட்டுமே தருவது ஸ்டீராய்டைத் தவிர்க்க உதவும் முதல்நிலை சிகிச்சை. இந்த உணவுக்கான செலவு தொழிலாளர் குடும்பத்தை அழுத்தக் கூடாது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் இஎஸ்ஐ தொழிலாளர் காப்பீட்டில் மருத்துவ உரிமை உண்டு. இந்த ஊட்ட உணவு, உணவியல் ஆலோசனை, இயன்முறைப் பயிற்சி மூன்றும் அந்த உரிமைக்குள் தடையின்றிக் கிடைக்க வேண்டும். பள்ளி மருத்துவக் குழுக்கள் சந்தேகத்துக்குரிய பிள்ளைகளை உடனே எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குப் பரிந்துரைக்க வேண்டும். பிள்ளையை அங்கு அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு ஆலை நிர்வாகங்கள் விடுப்பைச் சம்பளப் பிடித்தமின்றித் தர வேண்டும்.