கரடி விட்ட கதை

திருமயம் கோட்டை பைரவருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் அந்த ரோட்டில் புது வண்டி எதுவும் தாண்டாது. எங்கள் ஆபீஸ் கோஷ்டியும் உடைத்துவிட்டுத்தான் போன ஞாயிற்றுக்கிழமை கோட்டை ஏறினோம். 1687-ல் சேதுபதி கட்டிய கோட்டை. மேலே ஒரு பீரங்கி இருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் ஹெட்கிளார்க் பீரங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"எங்க தாத்தா ஆனைமலைப் பக்கம் எஸ்டேட்டுல வாட்சர். துரை குடுத்த துப்பாக்கியால ஒரு கரடியைச் சுட்டாரு. நெஞ்சுல ரெண்டு குண்டு. வாங்கிக்கிட்டு அது பாட்டுக்கு எந்திரிச்சு நடந்து போயிருச்சு."

"சார், கரடி விடாதீங்க சார்!" என்றான் டெஸ்பாட்ச் பையன்.

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "வெயில் ஏறுது, இறங்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து, இருக்கிற புத்தகத்தையெல்லாம் குடைந்தேன். குடைந்ததில் தெரிந்தது, மனுஷன் விட்டது கரடி இல்லை.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியைப் பார்த்து வர ஜனாதிபதி ஜெஃபர்சன் அனுப்பிய லூயிஸ், கிளார்க் கோஷ்டிக்கு முதலில் கரடி என்றால் இளக்காரம். உள்ளூர் மக்கள் வில் அம்போடு போகிறார்கள், அதனால் பயப்படுகிறார்கள். நம்மிடம் துப்பாக்கி இருக்கிறதே என்ற தெம்பு. 1805 மே 5-ம் தேதி மிசௌரி ஆற்றங்கரையில் ஒரு கிரிஸ்லி கரடியைச் சுட்டார்கள். மொத்தம் 10 குண்டு. அதில் 5 நுரையீரலில். அப்படியும் பாதி ஆற்றுக்கு மேல் நீந்தி, ஒரு மணல் திட்டில் ஏறிப் படுத்து, உயிர் போக 20 நிமிஷம் ஆகியிருக்கிறது.

ஒன்பது நாள் கழித்து இன்னொன்று. ஆறு பேர் பதுங்கிப் போய், நாலு பேர் ஒரே சமயத்தில் சுட்டார்கள். அது வாயைத் திறந்துகொண்டு நேரே வந்தது. மிச்சம் வைத்திருந்த ரெண்டு பேரும் சுட்டார்கள், அப்போதும் வந்தது. அந்தக் காலத்துத் துப்பாக்கி, மறுபடி மருந்து கெட்டிக்க வேண்டும். கரடி காத்திருக்குமா? ரெண்டு பேர் துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு 20 அடி உயரக் கரையிலிருந்து ஆற்றில் குதித்தார்கள். கரடியும் பின்னாலேயே குதித்தது! கரையில் இருந்த ஒருத்தர் தலையில் சுட்டதால் தப்பித்தார்கள். அறுத்துப் பார்த்தால் 8 குண்டு துளைத்திருக்கிறது.

கொழுப்பு, தசை, கெட்டியான எலும்பு எல்லாம் காரணம். இதயத்திலேயே குண்டு பாய்ந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் பிராணவாயு சில விநாடி ஓட்டும். இருபது கஜம் தாண்ட கிரிஸ்லிக்கு ரெண்டு விநாடி போதும். மின்னசோட்டாவின் கறுப்புக் கரடிகளை ஆராய்ந்தவர்கள் 2012-ல் இன்னொரு அதிசயம் சொன்னார்கள்: குளிர்காலத் தூக்கத்திலேயே அவற்றின் காயம் தழும்புகூடச் சரியாகத் தெரியாமல் ஆறிவிடுகிறதாம். நமக்கு ஷேவிங் வெட்டே ஒரு வாரம்.

நம்ம ஊர் தேன் கரடி அவ்வளவு பெரிசில்லை. கரையானை உறிஞ்ச வசதியாக மேல் முன்பல் ரெண்டு கிடையாது. கண்ணும் காதும் சுமார். ஆனால் புலி இருக்கிற காட்டில் வளர்ந்த ஜாதி. மான் மாதிரி ஓடி ஜெயிக்கக் கால் இல்லை. அதனால் நின்று அடிக்கும். அதுவும் முகத்தைப் பார்த்து. சடைசடையாகத் தொங்கும் கறுப்பு ரோமத்துக்குள் உடம்பு எங்கே இருக்கிறது என்று இருட்டில் தெரியாது. குண்டு எங்கேயோ படும். கரடி புதருக்குள் போய்விடும். வேட்டையில் அதற்கப்புறம்தான் நிஜமான சோதனை. தொடர்ந்து போனால் உங்கள் உயிர். போகாவிட்டால், விஷயம் தெரியாமல் அந்தப் பக்கம் வருகிற இன்னொருத்தர் உயிர்.

பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் மைசூர் ராஜ்யத்து அரசிக்கரே பக்கம் ஒரு கரடியைப் பற்றி 1957-ல் வந்த புத்தகத்தில் எழுதியிருக்கிறார். குறைந்தது 12 பேரைக் கொன்று, இரண்டு டஜன் பேரைக் குதறிய கரடி. தெரிந்த பெரியவர் ஒருவரின் மகன் செத்ததால்தான் இவர் போனார். மூன்று தடவை போய்த்தான் முடித்தார். இது ஏன் இப்படி ஆயிற்று? முன்பு யாரோ மனிதன் அதைக் காயப்படுத்தியிருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக ஹெட்கிளார்க் மேஜைக்குப் போனேன். "சார், நேத்து சிரிச்சது தப்பு. உங்க தாத்தா சொன்னது நடக்கக்கூடியதுதான்."

அவர் ஃபைலிலிருந்து நிமிரவில்லை. "நடக்கக்கூடியதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. முழுக்கதையை நீங்க எங்க கேட்டீங்க?"

"இப்ப சொல்லுங்க சார்."

"தாத்தா பின்னாலேயே போகல. இருட்டிருச்சு, பயம். ராத்திரிக்குள்ள செத்துரும்னு வீட்டுக்கு வந்துட்டாரு. நாலாம் நாள் ஒரு அம்மா விறகு பொறுக்கப் போச்சு. ஒரு கண்ணு, பாதி மூக்கு... உயிர் மட்டும் மிச்சம். அன்னிக்கே துப்பாக்கியை துரைகிட்ட திருப்பிக் குடுத்துட்டாரு. ஊருக்குத் திரும்பி வந்தப்புறமும் மாசாமாசம் அந்தம்மாவுக்கு மணியார்டர். அவர் போனப்புறம் எங்கப்பா அனுப்பினாரு."

டெஸ்பாட்ச் பையன் தபால் கட்டோடு வந்து பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். தபாலை வைக்கவும் இல்லை, போகவும் இல்லை.

"எதுவரைக்கும் அனுப்பினாங்க சார்?" என்றான்.

"ஒரு தடவை ஃபாரம் திரும்பி வந்துச்சு. அதுவரைக்கும்."