ஜன்னல் வேணுமா, வேணாமா?

ஜென்டூ லினக்ஸ் பக்கம் போகாதவங்களுக்காகச் சின்ன முன்கதை. இதுல பெரும்பாலான மென்பொருளை மூலநிரல்ல இருந்து நம்ம கணினியிலயே கம்பைல் பண்ணுவோம். எந்த வசதி வேணும், எது வேணாம்னு சொல்ல 'யூஸ் ஃப்ளாக்'னு சுவிட்சுகள் உண்டு. என் சண்டை அந்தச் சுவிட்சுகளோட பேரோடதான்.

வயர்ஷார்க்கை எடுத்துக்குங்க. நெட்வொர்க்ல ஓடுற பாக்கெட்டுகளைப் பிடிச்சுக் காட்டுற மென்பொருள். மானிட்டரே இல்லாத சர்வர்ல அதோட கட்டளைவரித் தம்பி டீஷார்க் மட்டும் போதும். ஆக, நம்மகிட்ட கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: ஜன்னல் வேணுமா, வேணாமா? ஆனா ஜென்டூ ரொம்ப நாளா கேட்டது, 'ஜிடிகே வேணுமா? க்யூடி4 வேணுமா? க்யூடி5 வேணுமா?'ன்னு. ஓட்டல்ல காபி கேட்டா, எந்தக் கம்பெனி அடுப்புல போடணும்னு கேட்கிற மாதிரி :-)

2015-ல வந்த வயர்ஷார்க் 2.0 க்யூடிக்கு மாறிச்சு. 2019-ல 3.0 வந்தப்போ ஜிடிகே முகப்பையே தூக்கிட்டாங்க. 2020 டிசம்பர்ல க்யூடி 6, ஜிடிகே 4 ரெண்டும் ஒரே மாசத்துல வெளியாச்சு. ஒவ்வொரு தடவையும் சுவிட்ச் பேர் பழசாகும். 'க்யூடி5 வேணாம்'னு எழுதி வச்சிருக்கிற சர்வர்ல, க்யூடி6-ஐப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே! முன்னிருப்பா ஜன்னல் 'ஆன்'ல இருந்தா மொத்த க்யூடியும் உள்ள வந்து உட்காரும். கம்பைல் நேரம் ஒரு பக்கம். அந்த நூலகங்களுக்கெல்லாம் பாதுகாப்புத் திருத்தம் வர்றப்போ மறுபடி கட்டுறது யாரு? நாமதான்.

ஜென்டூவுல இப்போ 'ஜி.யு.ஐ'ன்னே பொதுச் சுவிட்ச் இருக்கு, வயர்ஷார்க்கும் அதைத்தான் பயன்படுத்துது. நல்ல காரியம். அதுக்காக டூல்கிட் பேரையே ஒழிக்கச் சொல்லலை. டிரான்ஸ்மிஷன் டாரன்ட் மென்பொருளுக்கு ஜிடிகே முகப்பு தனி, க்யூடி முகப்பு தனி. நிஜமாவே ரெண்டு இருக்கிற இடத்துல பேரும் ரெண்டா இருக்கட்டும்.

டெபியன்காரங்க கதை இன்னும் தமாஷ். 'விம்-நாக்ஸ்'னா எக்ஸ் இல்லாத விம்னு அர்த்தம். ஆனா சாதா 'விம்' பொதியிலயும்தான் எக்ஸ் கிடையாது! நாக்ஸ்ல கூடுதலா இருக்கிறது பைத்தான், பெர்ல், ரூபி மாதிரி ஸ்கிரிப்ட் மொழிகளுக்கான ஆதரவு. பேர்ல அதைப் பத்தி ஒரு எழுத்து கூட இல்லை. போதாக்குறைக்கு 2023-ல வந்த ஈமாக்ஸ் 29-ஐ, எக்ஸ் இல்லாம வேலண்ட்லயே நேரடியா ஜன்னல் திறக்கிற மாதிரி கட்டலாம். எக்ஸ் இல்லை, ஜன்னல் இருக்கு. இதுக்கும் 'நாக்ஸ்'னே பேர் வைப்பீங்களா சாமி?