பந்தை அடிக்காதீங்க சார்

போன வாரம் சின்னவன் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்தான். "அப்பா, நீங்க ஆஃபீஸ்ல ஆடுவேன்னு சொல்வீங்களே, அது இதுவா?"

பார்த்தா, நம்ம பழைய ஸ்பேஸ் கேடட் பின்பால்! விண்டோஸ் எக்ஸ்பியில் சும்மா கிடந்த அதே நீலக்கலர் விண்வெளி, அதே "டொய்ங்" சத்தம். 2021ல் யாரோ ஒரு புண்ணியவான் பழைய நிரலைப் பிரித்து மேய்ந்து திரும்ப எழுதி வெளியிட்டாராம். இப்போ எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடுகிறது. பையன் உட்கார்ந்து இரண்டு கையாலும் கீபோர்டைப் போட்டு மொத்து மொத்துன்னு மொத்தினான். ஐந்தே நிமிஷத்தில் மூன்று பந்தும் காலி. ஒரு லட்சத்து எண்பதாயிரம் பாயின்ட். "செம லக்குப்பா"ங்கிறான்.

லக்கா? சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க மக்களே.

நான் விருதுநகர்க்காரன். பி.காம் முடிச்சு, பேங்க் பரீட்சை எழுதி, ப்ரொபேஷனரி ஆபீசராகப் பெங்களூர் வந்து சேர்ந்தது 2006. மல்லேஸ்வரம் பக்கம் ஒரு கிளை. கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. கோர் பேங்கிங் வந்த புதுசு. வாரத்துக்கு இரண்டு நாளாவது "லிங்க் இல்லை" என்று போர்டு மாட்டிவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருப்போம். லிங்க் இல்லாத பேங்க் ஆபீசருக்கு எக்ஸ்பி மெஷினில் இருந்த வேலை இரண்டுதான். ஒன்று சீட்டாட்டம், இன்னொன்று பின்பால்.

எங்கள் ஹெட் கேஷியர் ஸ்ரீராம்புரத்துத் தமிழர். ரிட்டயர்மென்ட்டுக்கு நாலைந்து வருஷம் பாக்கி. அந்த ஆட்டத்தில் உயர்ந்த ஸ்கோர் பட்டியலில் ஐந்தே இடம். ஐந்திலும் அவர் பெயர். முதல் இடத்தில் நாலு கோடியே சொச்சம். நான் தலைகீழாக நின்றாலும் எட்டு லட்சம் தாண்டாது. மேனேஜரின் ஸ்கோரை வெளியே சொன்னால் எனக்கு அப்ரைசல் வராது :-)

ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், எப்படி சார் என்று. என் பின்னாலேயே நின்று ஒரு ஆட்டம் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வரி. "பந்தை அடிக்காதீங்க சார். சும்மா இருங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. பின்பாலில் பந்தை அடிக்காமல் வேறென்ன செய்வது? அப்புறம் அவர் உட்கார்ந்து காட்டினார். பந்து வேகமாகக் கீழே வருகிறது. நம்மளா இருந்தால் பதறிப்போய் இசட், ஸ்லாஷ் இரண்டு கீயையும் சேர்த்து அமுக்குவோம். இரண்டு மட்டையும் ஒரே நேரத்தில் மேலே போனால் நடுவில் வாசல் திறந்துவிட்ட மாதிரி. பந்து ராஜநடை போட்டுக் கீழே இறங்கிவிடும். அவர் எந்தப் பக்கம் பந்து வருகிறதோ அந்த ஒரு மட்டையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். பந்து உருண்டு வந்து மட்டைக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில், தொட்டிலில் குழந்தை மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஆட்டம் நின்றுவிட்டது. கவுண்டரில் யாரோ கேட்டதற்கு "லிங்க் வரலைம்மா" என்று பதில் சொன்னார். தண்ணி குடித்தார். பந்து அங்கேயே இருந்தது.

பிறகு மட்டையை மெதுவாக இறக்கினார். பந்து நுனியை நோக்கி உருள ஆரம்பித்தது. மட்டையின் அடியில் இருக்கும்போதே அடித்தால் பந்து அதே பக்கம் மேலே போகும். நுனிக்கு வந்தபின் அடித்தால் எதிர்ப்பக்கம் போகும். எந்த இடத்தில் அடித்தால் எங்கே போகும் என்று அவருக்கு அத்துப்படி. டிஜிட்டல் ஆட்டத்தில் இதில் ஒரு வசதி உண்டு. நிஜ மேசையில் ரப்பர் தேயும், தூசி சேரும், மேசை லேசாகச் சாயும். கம்ப்யூட்டர் மேசைக்குத் தேய்மானமே கிடையாது. ஒருமுறை கற்றுக்கொண்ட கோணம் நாளைக்கும் அதே கோணம்தான்.

இன்னொன்று இதைவிட வேடிக்கை. பந்து ஒரு மட்டை மேல் விழப்போகிறது. அவர் எதையும் தொடவில்லை. நான் "சார் சார்" என்று கத்திவிட்டேன். பந்து மட்டை மேல் விழுந்து தானாகத் துள்ளி எதிர் மட்டைக்குப் போனது. போகும்போதே வேகம் செத்துவிட்டது. அங்கே மட்டையைத் தூக்கித் தொட்டிலில் பிடித்துக்கொண்டார். கை சும்மா இருந்ததால் காப்பாற்றப்பட்ட பந்து அது.

ஆக, பெரிய ஸ்கோருக்கு முதல் காரணம் வேகமான விரல் கிடையாது. பந்து கீழே போகாமல் இருப்பது. பேங்க்காரன் பாஷையில் சொன்னால் முதல் பத்திரமாக இருந்தால்தான் வட்டி. அந்த ஆட்டத்தில் நமக்குக் கொடுத்திருக்கும் முதல் மூன்றே மூன்று பந்து.

இரண்டாவது, அந்த மேசைக்கென்று இருக்கும் சட்டதிட்டம். நம்மில் பாதிப்பேர் அது ஏதோ விளக்கு எரிகிற பொம்மை என்றே பல வருஷம் ஆடியிருப்போம். உண்மையில் அது ஒரு உத்தியோகம். நீங்கள் கேடட்டாகச் சேர்ந்து, என்சைன், லெஃப்டினென்ட், கேப்டன் என்று பதவி உயர்ந்து ஃப்ளீட் அட்மிரல் வரை போக வேண்டும். மொத்தம் ஒன்பது பதவி. (எங்கள் பேங்க்கில் ஸ்கேல் ஒன்றிலிருந்து ஏழுக்குப் போவதை விட இது சுலபம்.) மிஷன் டார்கெட்டுகளை அடித்து வேலையைத் தேர்ந்தெடுக்கணும். லாஞ்ச் ராம்ப்பில் ஏற்றி அதை ஒப்புக்கொள்ளணும். அப்புறம் சொன்ன வேலையைச் செய்யணும். பம்பரை எட்டு முறை அடி, ராம்ப்பில் மூன்று முறை ஏற்று, இந்த மாதிரி. நடுவில் எரிபொருள் தீர்ந்தால் மிஷன் ரத்து. சும்மா பம்பரில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தால் ஆயிரம் ஆயிரமாகச் சேரும். மிஷனும் பதவி உயர்வும்தான் லட்சக்கணக்கில் கொடுக்கும்.

மூன்றாவது, மடங்கு. ஒரு குறிப்பிட்ட டார்கெட் கூட்டத்தை முழுசாக அடித்தால் விழுகிற பாயின்ட் இரண்டு மடங்காகும். மறுபடி அடித்தால் மூன்று, அப்புறம் ஐந்து, கடைசியில் பத்து. ஆனால் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும். கேஷியர் மிஷனைக் கிட்டத்தட்ட முடித்து வைத்துக்கொண்டு, முதலில் மடங்கை ஏற்றிவிட்டு, அப்புறம்தான் கடைசி அடி அடிப்பார். அதே வேலை, அதே அடி, வருமானம் மட்டும் வேறே. பந்தை முதலில் விடுவதில் கூட அவருக்குக் கணக்கு இருந்தது. நாமெல்லாம் ஸ்பேஸ் பாரை முழுசாக அமுக்கிப் பீரங்கி மாதிரி விடுவோம். அவர் பாதி பலத்தில் விடுவார். பந்து மேலே போய், சரியாக மூன்றாவது விளக்கில் களைத்துத் திரும்பும். ஒரு மட்டையும் ஆட்டாமல் 75,000.

மேசையை முட்டித் தள்ளுகிற கீகளும் உண்டு. அளவோடு தள்ளினால் பந்து தப்பும். அளவு மீறினால் "டில்ட்" என்று மட்டையெல்லாம் செத்துவிடும். அவர் ஒரு ஆட்டத்தில் இரண்டு தடவைக்கு மேல் தள்ளி நான் பார்த்ததில்லை.

(குறுக்குவழிக்காரர்களுக்கு: ஆட்டம் தொடங்கியதும் "ஹிட்டன் டெஸ்ட்" என்று டைப் அடித்தால் மவுஸால் பந்தைப் பிடித்து எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம். எங்கள் கிளையில் ஒருவர் இதைச் செய்து கேஷியரைப் பட்டியலிலிருந்து இறக்கினார். கேஷியர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவர் எண்ணிக் கட்டிய நோட்டுக்கட்டை எல்லோர் முன்னாலும் இரண்டு தடவை எண்ணினார்.)

அப்புறம் விஸ்டா வந்தது, பின்பால் போனது. 64 பிட்டுக்கு மாற்றும்போது பந்து எதிலும் முட்டாமல் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து போய்க்கொண்டே இருந்தது, காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால் எடுத்துவிட்டோம் என்று மைக்ரோசாஃப்ட்டின் ரேமண்ட் சென் 2012ல் எழுதினார்.

இப்போ விஷயத்துக்கு வருகிறேன். "லக்"கா, திறமையா?

இது விளையாட்டுக் கேள்வி கிடையாது. நியூயார்க்கில் 1942லிருந்து பின்பாலுக்குத் தடை. சூதாட்டம் என்று போலீஸ் மெஷின்களைச் சுத்தியலால் உடைத்தது. 1976ல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர சபை ஆட்கள் முன்னால் ஆடிக் காட்டினார். பந்தை விடுவதற்கு முன்பே "நடுப்பாதையில் போகும்" என்று சொல்லிவிட்டு விட்டார், போனது. தடை நீங்கியது. அந்த ஒரு அடியில் அதிர்ஷ்டமும் இருந்தது என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவர் அதற்குமுன் ஆடிய ஆயிரக்கணக்கான ஆட்டத்தில் இருந்தது அதிர்ஷ்டமில்லையே.

நம்ம பெங்களூருக்கும் இதே கதை உண்டு. வீடியோ கேம் பார்லர்களுக்குப் போலீஸ் லைசென்ஸ் வேண்டும் என்றதை எதிர்த்துப் பார்லர்காரர்கள் போன வழக்கு, எம்.ஜே. சிவானி எதிர் கர்நாடக அரசு. 1995ல் சுப்ரீம் கோர்ட் லைசென்ஸ் வேண்டும் என்றது. ஆடுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஜெயிக்க முடியாதபடி மெஷினையே மாற்றி வைக்கலாம் என்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. எங்கள் ஊர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் வளையம் எறிந்தவர்களுக்கு இது புரியும். சோப்புப் பெட்டியை விட வளையம் நூலளவுதான் பெரிசாக இருக்கும். பிறகு 2021ல் கர்நாடகம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. 2022 பிப்ரவரியில் ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. திறமை ஆட்டமும் சூதும் ஒன்றல்ல என்பது முக்கியமான வாதம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் வேறு வழியில் போனது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டினால் தடை.

"திறமை ஆட்டம்" என்ற அந்த வார்த்தையை நம்பி நானும் ஏமாந்தவன்தான். 2020 லாக்டவுன். பேங்க் திறந்திருக்கும், சாயங்காலம் தெருவில் ஈ காக்கா இருக்காது. போனில் ரம்மி இறக்கினேன். கோர்ட்டே திறமை ஆட்டம் என்று சொன்னதுதானே, நான் பி.காம், கணக்குப் பண்ணுகிறவன், பின்பாலில் கேஷியரிடமே பாடம் படித்துக் கடைசியில் ஒன்றரைக் கோடி எடுத்தவன். எனக்குத் திறமை இல்லையா? நாலு மாசத்தில் 61,400 ரூபாய் போனது.

போன பிறகுதான் யோசித்தேன். ரம்மியில் திறமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிறது. ஆனால் கேஷியருக்கு அந்தத் திறமை எப்படி வந்தது? பல ஆயிரம் பந்தை இலவசமாகத் தோற்று வந்தது. தோற்ற ஒவ்வொரு பந்தும் ஒரு கோணத்தைச் சொல்லிக்கொடுத்தது. மேசை அவருக்கு எதிராகக் கெட்டிக்காரத்தனம் பண்ணவில்லை. அவர் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள அது அப்படியே நின்று கொடுத்தது. பணம் கட்டுகிற ஆட்டத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஃபீஸ். எதிரே உட்கார்ந்திருப்பவன் என்னைவிட நாலு வருஷம் முன்னால் ஃபீஸ் கட்டியவன். யார் ஜெயித்தாலும் நடுவில் உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்குக் கமிஷன். முக்கியமாக, அங்கே பந்தைத் தொட்டிலில் நிறுத்திவிட்டுத் தண்ணி குடிக்க முடியாது. என் முறை வந்தால் நொடி ஓடிக்கொண்டே இருக்கும். பதற வைப்பதுதான் அந்த வியாபாரமே.

"திறமை ஆட்டம்" என்று கோர்ட் சொன்னால் அது ஆட்டத்தைப் பற்றிச் சொன்னது. எனக்குத் திறமை இருக்கிறது என்று எந்த நீதிபதியும் எழுதவில்லை. லோன் பேப்பரில் ஒவ்வொரு வரியையும் படிக்கிற நான் இந்த ஒரு வரியைத் தப்பாகப் படித்தேன். போன வருஷம் என் கீழே வேலை பார்க்கும் ஒரு பையன் பர்சனல் லோன் கேட்டு வந்தான். ஏன் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்தான். போனைக் காட்டச் சொன்னேன். "ஸ்கில் கேம் சார்" என்றான். அவனுக்கு அன்றைக்கு நான் சொன்னதையெல்லாம்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எவ்வளவு கேட்டான் என்று தெரியாது.

சின்னவனுக்கு இப்போதைக்குத் தொட்டில் மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பத்துக்கு ஆறு தடவை பிடிக்கிறான். நேற்று பதினோரு லட்சம்.

பி.கு: தங்கமணி இதைப் படிப்பாள். அப்போது அவளிடம் நான் சொன்ன தொகை இருபதாயிரம். சரியான தொகை மேலே இருக்கிறது.