தடா தாண்டி ஒரு வீடு... வாடகை வருமா பாஸ்?

பாக்கெட் மணி

தடா ஃபால்ஸுக்கு பைக் விடாத சென்னை காலேஜ் கேங் உண்டா? கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆரம்பாக்கம் தாண்டி, 'வெல்கம் டு ஆந்திரப் பிரதேசம்' போர்டு முன்னாடி ஒரு குரூப் போட்டோ. அப்புறம்தான் அருவி. அதே ரோட்டுல அப்பாக்களும் போறாங்க. அருவி பார்க்க இல்ல, ஃபிளாட் பார்க்க.

காரணம் ஸ்ரீ சிட்டி. 2008-ல் ஆரம்பிச்ச தொழில் நகரம். இசுஸு, மாண்டலீஸ், கெல்லாக்ஸ், கோபெல்கோன்னு பெரிய பெரிய பேர்கள். 2013-ல் ட்ரிபிள் ஐ.டி. வந்தது. 2018-ல் கிரியா யுனிவர்சிட்டி வந்தது. சென்ட்ரல்ல இருந்து சூலூர்பேட்டைக்கு புறநகர் ரயிலே ஓடுது. அப்போ புரோக்கர் சும்மா இருப்பாரா? "சார், தேனாம்பேட்டைல ஒரு கார் பார்க்கிங் வாங்குற காசுல இங்க ஃபிளாட்டே வாங்கலாம். வாங்கிப் போடுங்க, வாடகை தானா வரும்!"

'தானா வரும்'. இந்த வாரம் நாம பிரிச்சு மேயப்போறது இந்த ரெண்டு வார்த்தையைத்தான்.

ஒரு கேஸ் எடுத்துக்குவோம். தேனாம்பேட்டை, சிக்னலுக்கு உள்ளே ஒரு சந்து, வாடகை வீடு. அப்பா பிரைவேட் கம்பெனி, இந்த வருஷம் ரிடையர். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து கைக்கு வர்றது 33 லட்சம். பி.எஃப். ஆபீஸ் பென்ஷன் சில ஆயிரம்தான். நீங்க இன்னும் செகண்ட் இயர். அதாவது இந்த 33 லட்சம் 'முதலீடு' இல்ல பாஸ். இனிமே மாசா மாசம் வரவேண்டிய அப்பாவோட சம்பளமே அதுதான். தப்பாப் போட்டா திரும்பி சம்பாதிக்க அவருக்கு வயசு இல்ல.

பேப்பர் எடுங்க. பேனா எடுங்க.

கணக்கு நம்பர் ஒண்ணு

வெளி மாநிலத்துல 30 லட்சத்துக்கு ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட்னு வெச்சுக்குவோம். பத்திரச் செலவு, பதிவு, புரோக்கர் கமிஷன், ஃபேன், லைட், அலமாரி எல்லாம் சேர்த்து இன்னொரு 3 லட்சம். மொத்தம் 33. வாடகை 8,000. வருஷத்துக்கு 96,000. "முப்பது லட்சத்துக்கு 3.2 சதவீதம், பரவால்லியே!" அப்படிம்பார் புரோக்கர்.

இப்போ கழிக்க ஆரம்பிங்க. ஒருத்தர் காலி பண்ணி இன்னொருத்தர் வர்றதுக்குள்ள ஒரு மாசம் பூட்டிக் கிடக்கும். 8,000 போச்சு. அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் மாசம் ஆயிரம்னா 12,000. வீட்டு வரி, தண்ணி வரி 3,000. பெயின்ட், குழாய், மோட்டார் ரிப்பேர் 8,000. ஆள் பிடிச்சுக் கொடுக்கிற லோக்கல் ஏஜென்ட்டுக்கு ஒரு மாச வாடகை, இன்னொரு 8,000. மிச்சம் 57,000. போட்டது 33 லட்சம். சதவீதம் போட்டா 1.7 தான் வருது. மாசத்துக்கு 4,750 ரூபாய். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு இது மளிகைக்குப் பத்துமா?

இது நான் சும்மா வெச்சுக்கிட்ட நம்பர்தான். உங்க அப்பா பார்க்கிற ஃபிளாட்டுக்கு உங்க நம்பரைப் போடுங்க. ஆனா கழிக்கிற வரிசை மாறாது.

கணக்கு நம்பர் ரெண்டு

அதே பணத்துல 30 லட்சத்தை போஸ்ட் ஆபீஸ்லயோ பேங்க்லயோ சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துல போட்டா? 60 வயசு ஆனவங்களுக்கு உண்டு. ரிடையர் ஆகி வர்ற பணம்னா 55-லயே சேரலாம், சில கண்டிஷன் இருக்கு. 2023 பட்ஜெட்டுலதான் உச்சவரம்பை 15 லட்சத்துல இருந்து 30 லட்சமா ஆக்குனாங்க. அந்த வருஷம் ஏப்ரல்ல வட்டியை 8.2 சதவீதம்னு வெச்சாங்க. மூணு மாசத்துக்கு ஒருமுறை அரசாங்கம் வட்டியை மறுபடி பார்க்கும். ஆனா நீங்க போடுற அன்னிக்கு என்ன வட்டியோ, அது அஞ்சு வருஷத்துக்கு அப்படியே நிக்கும்.

8.2-ன்னு வெச்சா வருஷத்துக்கு 2,46,000. மாசக் கணக்குல 20,500. மிச்ச 3 லட்சம் அவசரத்துக்கு பேங்க்ல தூங்கும். 4,750 எங்கே, 20,500 எங்கே!

"வட்டிக்கு வரி உண்டே?" உண்டு. வாடகைக்கும் உண்டு. "வாடகை வருஷா வருஷம் ஏறுமே, வட்டி ஏறாதே?" சூப்பர் கேள்வி. வருஷம் 5 சதவீதம் ஏறுனா, 8,000 ரூபாய் வாடகை பத்து வருஷத்துல 13,000 சொச்சம் ஆகும். அப்பவும் 20,500-ஐத் தொடல. "சரி, வீட்டு விலை ஏறுமே?" ஏறலாம். ஆனா ரெண்டு கணக்குக்கும் நடுவுல வருஷம் 1,89,000 வித்தியாசம். அதை ஈடுகட்டவே 30 லட்சம் வீடு வருஷா வருஷம் கிட்டத்தட்ட 6.3 சதவீதம் ஏறணும். அது லாபம் இல்ல, வெறும் சமன். அந்த ஏத்தமும் விக்கிற அன்னிக்குத்தான் கைக்கு வரும். பெட்ரூமோட கால் பங்கை மட்டும் வித்து ஆஸ்பத்திரி பில் கட்ட முடியாதே!

அமெரிக்கா மாமா சொன்னாரே?

நியூஜெர்சி மாமாவோ கலிபோர்னியா அத்தை பையனோ இருந்தா இந்த டயலாக் கேட்டிருப்பீங்க. "நாங்க இருக்கிற ஊர்ல வீடு வாங்க முடியாதுப்பா. க்ளீவ்லேண்ட்லயும் மெம்ஃபிஸ்லயும் வாங்கி வாடகைக்கு விடுறோம்." அங்கே இது நிஜமாவே நடக்குது. அவங்க கையில ஒரு விரல்கணக்கு இருக்கு, 'ஒரு சதவீத ரூல்'. வீட்டு விலையில ஒரு சதவீதம் மாச வாடகையா வரணும். லட்சம் டாலர் வீடுன்னா ஆயிரம் டாலர் வாடகை.

அதே ரூலை நம்ம 30 லட்சம் ஃபிளாட்டுல வையுங்க. மாசம் 30,000 வரணும். வர்றது 8,000. ரூல் அங்கேயே ஃபெயில்.

இன்னொரு விஷயம். அங்கே மேனேஜ்மென்ட் கம்பெனி வாடகை வசூல் பண்ணும், குழாய் ரிப்பேர் பண்ணும், ஆள் மாத்தும். வாடகையில பத்து சதவீதம் வரை அவங்களே எடுத்துக்குவாங்க. இங்கே அந்த வேலையெல்லாம் யார் பார்ப்பா? அப்பாதான். தேனாம்பேட்டைல உங்க ஹவுஸ் ஓனரைக் கவனிச்சிருக்கீங்களா? மாடியிலயே இருப்பார். மோட்டார் அஞ்சு நிமிஷம் கூட ஓடுனா கதவைத் தட்டுவார். ஒண்ணாம் தேதி வந்தா வராண்டாவுல நடப்பார். நமக்கு எரிச்சலா இருக்கும். ஆனா அதுதான் பாஸ் வாடகை பிசினஸ். பக்கத்துல இருக்கிறதுக்குக் கிடைக்கிற கூலி அது. 60, 70 கிலோமீட்டர் தள்ளி, தெலுங்கு தெரியாம, போன்லயே அந்த வேலையைப் பார்க்க முடியுமா?

யாருக்கு வாடகைக்கு விடப்போறீங்க?

இதை ஒருத்தரும் கேக்கிறதில்ல. காலேஜ் வந்திருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க, அந்தப் பசங்க கேம்பஸ் ஹாஸ்டல்ல இருக்காங்க. ஃபேக்டரி ஆட்கள்ல கம்பெனி பஸ்ல வந்து போறவங்க எத்தனை பேர், அங்கேயே தங்குறவங்க எத்தனை பேர்? தங்குறவங்க குடும்பமா, அஞ்சு பேர் சேர்ந்து எடுக்கிற பேச்சிலர்களா? நேர்ல போய் விசாரிச்சாத்தான் தெரியும்.

கம்பெனியை நம்பி வீடு வாங்குறதுல இன்னொரு ரிஸ்க். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஞாபகம் இருக்கா? 2006-ல் ஆரம்பிச்சு, உலகத்துலயே பெரிய செல்போன் ஃபேக்டரிகள்ல ஒண்ணுன்னு பேர் வாங்கி, 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தியை நிறுத்துனாங்க. ஆயிரக்கணக்கான வேலை போச்சு. ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தப் போறதா அறிவிச்சது. மறைமலைநகர்ல கடைசி கார் 2022-ல் வெளிய வந்தது. கம்பெனி மூட்டை கட்டினா அடுத்த நாட்டுக்குப் போகும். உங்க ஃபிளாட்டு எங்கே போகும்?

அதனால பத்து கம்பெனி இருக்கிற ஊர் ஒரு கம்பெனி ஊரை விட மேல். ஒசூரை எடுத்துக்குங்க. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன்னு பல கம்பெனி, பக்கத்துலயே பெங்களூரு. அத்திப்பள்ளி பார்டர் தாண்டி கர்நாடகாக்காரங்க நம்ம பக்கம் வீடு பார்க்கிறாங்க. அவங்களுக்கு நாமதான் வெளி மாநிலம்!

பேப்பர்தான் வீடு

தூரத்துல இருக்கிற நிலத்தைப் பார்க்காம வாங்கி ஏமாந்த கதை நம்ம ஊருக்குப் புதுசில்ல. தேக்கு மரத் திட்டம்னு சொல்லி சென்னை அனுபவ் பிளான்டேஷன்ஸ் பணம் வாங்குச்சு, 1998-ல் கவுந்துச்சு. அப்பாகிட்ட கேளுங்க, பெருமூச்சு விடுவார். அப்புறம் பி.ஏ.சி.எல். நாடு முழுக்க 5 கோடிக்கும் மேலான பேர்கிட்ட நிலம் தர்றோம்னு வசூல். 49,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுன்னு 2014 ஆகஸ்ட்ல செபி உத்தரவு போட்டுச்சு. நிலத்தை வித்துப் பணத்தைக் கொடுக்க 2016-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லி, முன்னாள் தலைமை நீதிபதி லோதா தலைமையில கமிட்டியே போட்டாங்க. பணம் போட்டவங்கள்ல நிறையப் பேர் அந்த நிலத்துல காலே வெச்சதில்ல.

எல்லா புரோக்கரும் அப்படின்னு சொல்லல. ஆனா செக் பண்ற வேலையை நீங்க எடுத்துக்குங்க. வீட்டுல நெட் நல்லா தெரிஞ்ச ஆள் நீங்கதானே?

* வில்லங்கச் சான்றிதழ் குறைஞ்சது 30 வருஷத்துக்கு எடுங்க. தமிழ்நாட்டுலயும் ஆந்திராவுலயும் பதிவுத்துறை தளத்துலயே பார்க்கலாம். தாய்ப்பத்திரம் தெலுங்குல இருந்தா, தெலுங்கு தெரிஞ்ச வக்கீல்கிட்ட காசு கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. புரோக்கர் சொல்ற மொழிபெயர்ப்பு செல்லாது.

* ரெரா நம்பர் கேளுங்க. 2016 சட்டப்படி பெரிய புராஜெக்ட் எல்லாம் அந்தந்த மாநில ரெராவுல பதிவாகி இருக்கணும். ஆந்திரா புராஜெக்ட்டைத் தமிழ்நாடு ரெரா தளத்துல தேடாதீங்க.

* "ரிஜிஸ்ட்ரேஷன் எதுக்கு சார், பவர் எழுதித் தர்றேன்"னா ஓடி வந்துடுங்க. பவர் மூலமா விக்கிறது சொத்துரிமையை மாத்தாதுன்னு 2011-லயே சுப்ரீம் கோர்ட் சூரஜ் லேம்ப் வழக்குல தெளிவாச் சொல்லிடுச்சு.

* வாடகைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேற. தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரி 22-ல் இருந்து எழுத்துல ஒப்பந்தம் போட்டு, வாடகை ஆணையத்துல பதியணும். அந்த ரூல் பார்டர்ல நின்னுடும்.

* ரெண்டு தடவை நேர்ல போங்க. ஒண்ணு வேலை நாள் சாயந்திரம், எத்தனை வீட்டுல லைட் எரியுதுன்னு எண்ண. இன்னொண்ணு நவம்பர் மழையில, தண்ணி எங்கே நிக்குதுன்னு பார்க்க. போற வழியில 'டு லெட்' போர்டையும் எண்ணுங்க. நிறைய தொங்குனா புரோக்கர் சொன்ன வாடகையை மறந்துடுங்க.

அப்போ வாடகை ஆசையே கூடாதா?

கூடும். சின்னதா ஆசைப்பட ஒரு வழி இருக்கு. பேரு ரெய்ட். பல பேர் பணத்தைச் சேர்த்து ஆபீஸ் கட்டடம், மால் எல்லாம் வெச்சிருக்கிற டிரஸ்ட். இந்தியாவுல முதல்ல 2019 ஏப்ரல்ல எம்பசி ரெய்ட் பங்குச் சந்தைக்கு வந்தது. அப்புறம் மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு, 2023 மே மாசம் நெக்ஸஸ். வடபழனி விஜயா மால் இந்த நெக்ஸஸ் கையிலதான் இருக்கு. நீங்க படம் பார்க்கப் போற மாலோட வாடகையில உங்களுக்கும் ஒரு துளி வரும்! சொத்துல 80 சதவீதம் கட்டி முடிச்சு வாடகை வர்றதா இருக்கணும், பங்கிடக்கூடிய பணத்துல 90 சதவீதத்தைக் கொடுத்தாகணும். இது செபி ரூல். 2021-க்கு அப்புறம் ஒரே ஒரு யூனிட் கூட வாங்கலாம். விலை சில நூறு ரூபாய்தான்.

ஆனா இதுவும் சந்தை. யூனிட் விலை இறங்கும், கட்டடம் காலியானா வருமானமும் குறையும். அப்பாவோட பணத்தை இங்கே கொட்டச் சொல்லல. உங்க பாக்கெட் மணியில ஒரு யூனிட் வாங்கி, மூணு மாசத்துக்கு ஒருமுறை வர்ற தொகையைக் கவனிச்சாலே 'வாடகை வருமானம்'னா என்னன்னு புரியும்.

வெளியூர்ல வீடு வாங்கவே கூடாதா? அங்கே நம்ம சித்தப்பாவோ மாமாவோ இருக்காரா, போற பணம் போக வீட்டுக்குத் தனியா வருமானம் இருக்கா, பத்து வருஷம் விக்காம வெச்சிருக்க முடியுமா? மூணுக்கும் 'ஆமா'ன்னா தாராளமா யோசிக்கலாம். ஒண்ணுக்கு 'இல்ல'ன்னாலும் அப்பாகிட்ட உக்காந்து பேசுங்க. "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா"ன்னு ஆரம்பிக்காதீங்க. முப்பது வருஷம் வாடகை கட்டின மனுஷனுக்கு சொந்தமா ஒரு சாவி வேணும்ங்கிற ஆசை இருக்கும். அதை மதிச்சுட்டு, மேலே போட்ட ரெண்டு கணக்கையும் அவர் கையாலயே போடச் சொல்லுங்க.

ஹோம் வொர்க்: இந்த வாரம் உங்க ஹவுஸ் ஓனர்கிட்டயே கேளுங்க. "அங்கிள், வாடகையில செலவு போக உங்க கையில எவ்வளவு நிக்குது?" கேட்டதுக்காக வாடகையை ஏத்துனா நான் பொறுப்பில்ல!