காலணியைக் கழற்றினர், கயிற்றைக் கழற்றினரா?

அமைதி என்பது மூன்றெழுத்துச் சொல். சாதி என்பது இரண்டெழுத்துச் சொல். இரண்டெழுத்தை மடியிலே கட்டிக்கொண்டு மூன்றெழுத்தைத் தேடிப் புறப்பட்டிருக்கிறது நம் நாடு! கிடைக்குமா? கிடைத்துவிட்டது என்கிறார்கள். குற்றாலத்து அருவியிலே குளித்து, திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைச் சுவைத்து, எஞ்சிய ஒரு மணி நேரத்தைப் புத்தர் கோவிலிலே கழித்துத் திரும்புவோர், "ஆகா, என்ன அமைதி! என்ன அமைதி!" என்று சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். ஆரவாரமில்லை, அர்ச்சனைச் சீட்டில்லை, நெரிசலில்லை, நிழற்படம் எடுக்க நேர்த்தியான இடம். இதற்குப் பெயர் அமைதியாம்!

இராசபாளையம், சோழபுரம் பக்கத்திலிருந்து தெற்கே செல்வோருக்குத் தெரியும் அந்த இடம். சங்கரன்கோவிலை அடுத்த வீரிருப்பு என்னும் சிற்றூரிலே, வெண்ணிறக் கவிகையோடு எழுந்து நிற்கிறது உலக அமைதிக் கோபுரம். நிப்போன்சான் மியோஹோஜி என்னும் ஜப்பானியப் பௌத்தத் துறவியர் அமைப்பு எழுப்பியது. 2020ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. குற்றாலத்துக்குச் செல்வோர் சற்றே கிழக்கே திரும்பினால் கண்டு செல்லலாம். காண வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் காணுங்கள்! ஆனால், எதைக் கண்டீர்கள் என்று எண்ணிப் பாருங்கள் என்கிறேன்.

கோபுரத்தின் அடியிலே கிடக்கும் சாம்பல்

அந்த அமைப்பை நிறுவியவர் நிச்சிதாட்சு ஃபூஜி. 1885இல் பிறந்து 1985இல் மறைந்தவர். 1933இல் காந்தியாரைச் சந்தித்தவர். 1945ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இரோசிமா எரிந்தது, நாகசாகி எரிந்தது. தாயும் சேயும் ஒருங்கே கருகிய அந்தக் கொடுமைக்குப் பின்னர் எழுந்தவையே இந்தக் கோபுரங்கள். 1954இல் ஜப்பானின் குமமோட்டோவில் முதல் கோபுரம். 1969இல் பீகாரின் இராசகிரியில் ஒரு கோபுரம். அந்த வரிசையில் வந்ததே வீரிருப்புக் கோபுரம்.

அமைதிக் கோபுரம் என்பது களிப்பூட்டும் காட்சிப்பொருளன்று, கண்டனக் குரல்! மனிதனை மனிதன் அழித்த கொடுமையைக் கண்டு, இனி இது கூடாது என்று கல்லாலும் சுண்ணத்தாலும் எழுதப்பட்ட தீர்மானம். அதன் முன்னே நிற்பவனை அது ஒன்று கேட்கிறது: "உன் ஊரில் மனிதனை மனிதன் அழிப்பது நின்றுவிட்டதா?"

நின்றுவிட்டதா, நண்பர்களே?

இதே தென்மாவட்டங்களின் வரலாற்றைப் புரட்டுங்கள். கோவிலுக்குள் நுழையும் உரிமையைக் கேட்டதற்காக நாடார் மக்கள்மீது பகை மூண்டு, 1899இல் சிவகாசி சூறையாடப்பட்டது. நூறாண்டு உருண்டோடியது. நாம் திருந்தினோமா? 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது, தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த வீரனின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றனர் ஆதிக்கச் சாதியினர். கலவரம் மூண்டது, உயிர்கள் மாண்டன. இறுதியில் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அரசு அகற்ற நேர்ந்தது. பேருந்தின் நெற்றியிலே ஒரு பெயரைப் பொறுக்க முடியாத ஊர்க்காரர்கள், அதே பேருந்திலே ஏறி, அமைதிக் கோபுரத்தைக் காணப் போகிறார்கள்!

கூப்பிய கையிலே கயிறு

நான் ஆசிரியன். பள்ளிப் பிள்ளைகளோடு அந்தக் கோபுரத்துக்குச் சென்றிருக்கிறேன். காலணியைக் கழற்றச் சொன்னோம், கழற்றினார்கள். பேச்சைக் குறைக்கச் சொன்னோம், குறைத்தார்கள். புத்தரின் திருவுருவத்தின் முன்னே கைகூப்பினார்கள். கூப்பிய கைகளின் மணிக்கட்டிலே கயிறு! பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ண வண்ணக் கயிறு. இன்ன நிறம் இன்ன சாதிக்கு என்று, எந்தப் பாடத்திலும் தேறாத பிள்ளையும் பிழையின்றிச் சொல்வான்! யார் நடத்திய பாடம் அது? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? வீட்டுத் திண்ணையில் நடத்தப்பட்ட பாடம். தெருமுனையில் ஒப்புவிக்கப்பட்ட பாடம். பள்ளியின் மௌனத்தால் முத்திரை பெற்ற பாடம்.

"கயிறுதானே, அதிலென்ன?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. அவர்களை நாங்குநேரிக்கு அழைக்கிறேன். 2023 ஆகஸ்டில், தாழ்த்தப்பட்ட குடும்பத்து மாணவன் ஒருவனை, உடன்பயின்ற மாணவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பாடப்புத்தகம் ஏந்த வேண்டிய கை அரிவாளை ஏந்தியது. கயிற்றிலே தொடங்குவது கத்தியிலே முடிகிறது. இடையிலே இருக்கும் தொலைவு மிகச் சிறிது!

பள்ளிக் கல்வித் துறை 2019லேயே வண்ணக் கயிறுகளைப் பற்றி எச்சரித்துச் சுற்றறிக்கை விடுத்தது. எதிர்ப்புக் கிளம்பியது, கயிறு கையிலேயே இருந்தது. நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 சூனில் தன் அறிக்கையை அளித்தது. வண்ணக் கயிறு கூடாது; பள்ளியின் பெயரிலே சாதி கூடாது என்றது. உடனே எழுந்தது கூக்குரல்: "ஐயையோ, சமயத்துக்கு ஆபத்து!" பிள்ளையின் உயிருக்கு ஆபத்து வந்தபோது திறவாத வாய்கள், கயிற்றுக்கு ஆபத்து என்றதும் திறந்துகொண்டன!

இளவரசர் தலைவணங்கிய இடம்

புத்தரின் அமைதி இப்படிப்பட்டதன்று. சாக்கிய குலத்து இளவரசர்கள் சங்கத்தில் சேர வந்தார்கள். அவர்களோடு வந்தவன் உபாலி. அவர்களுக்கு முடிதிருத்தும் தொழிலாளி. எங்கள் செருக்கு அடங்கவேண்டும். எங்களுக்கு முன்னே உபாலியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இளவரசர்களே வேண்டினார்கள். உபாலி முதலில் துறவியானான். முன்னே சேர்ந்தவனைப் பின்னே சேர்ந்தவன் வணங்கவேண்டும் என்பது சங்கத்தின் விதி. முடிசூட வேண்டிய தலைகள் முடிதிருத்திய கையின் முன்னே தாழ்ந்தன! அதற்குப் பிறகுதான் அங்கே அமைதி. முதலில் சமத்துவம், பின்னரே அமைதி. நாமோ முன்னதைத் தள்ளிவிட்டுப் பின்னதைக் கேட்கிறோம். விதையை வீசி எறிந்துவிட்டு விளைச்சலைத் தேடும் உழவனைக் கண்டதுண்டா?

"அது வேற்று நாட்டார் கோவில், நமக்கென்ன அதனோடு உறவு?" என்பர் சிலர். வேற்று நாட்டாரா? யாருக்கு வேற்றவர்? ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான மணிமேகலை பௌத்தக் காப்பியம். சிறைக்கூடத்தை அறக்கூடமாக்கிய தமிழ்மகளின் கதை அது. வேள்விக்கெனக் கட்டிவைத்த பசுவை விடுவித்தான் ஆபுத்திரன். உன் பிறப்பு இழிபிறப்பு என்று ஊர் ஏசியபோது, உங்கள் முனிவர்களின் பிறப்பு எப்படிப்பட்டது என்று திருப்பிக் கேட்டான். அந்தக் கேள்வி தமிழில் பிறந்த கேள்வி! ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சியைப் பற்றி எழுதியபோது, அந்த நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகள் இருந்ததாகக் குறித்தார். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே அளித்தான் சைவனான இராசராசன். லெய்டன் செப்பேடுகள் சான்று. அங்கே எஞ்சி நின்ற பழங்கோபுரமும் 1867இல், வெள்ளையர் ஆட்சியின் இசைவோடு, பாதிரிமார்களால் இடிக்கப்பட்டது.

இடித்தது ஒருபுறம், விழுங்கியது மறுபுறம். சேலத்திலே தலைவெட்டி முனியப்பன் என்று ஒரு தெய்வம். பெயரே கதை சொல்கிறது! அந்தச் சிலை புத்தர் சிலையே என்று தொல்லியல் துறை அறிக்கை தந்தது. 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. தலையை வெட்டினார்கள்; பிறகு முனியப்பன் என்று பெயர் சூட்டினார்கள்; பிறகு அறநிலையத் துறையின் கோவிலாக்கினார்கள். புத்தரைத் திருமாலின் அவதாரம் என்பதும் இதே வித்தைதான். எதிர்த்து வெல்ல முடியாதவனை எடுத்து விழுங்குவது வைதிகத்தின் பழைய வழக்கம். இன்றைய சுற்றுலாவும் அதைத்தான் செய்கிறது. புத்தரின் கேள்வியை விழுங்கிவிட்டுப் புன்னகையை மட்டும் படமெடுத்து வருகிறது!

ஒரே ஆண்டு, இரண்டு வழி

"ஈழத்திலே தமிழனை வதைத்தவர்களும் புத்தரைத்தானே வணங்கினார்கள்?" என்று கேட்பர். கேட்கவேண்டிய கேள்வி. மழுப்பாமல் விடை சொல்வோம். 1956ஆம் ஆண்டு, புத்தரின் 2500ஆம் ஆண்டு நிறைவு என்று உலகெங்கும் விழா. அதே ஆண்டு சூனில் கொழும்பு நாடாளுமன்றம் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டமியற்றியது. பிக்குகள் பலர் அதற்காக முழங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட இலட்சக்கணக்கான மக்கள், அண்ணல் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவினார்கள். ஒரே புத்தர், ஒரே ஆண்டு. அங்கே ஆதிக்கத்துக்குக் கொடியானார். இங்கே விடுதலைக்குக் குடையானார். எனவே, காவி உடையில் இல்லை அமைதி. கவிகை மாடத்திலும் இல்லை. சிலையை வைத்துக்கொண்டு சமத்துவத்தைக் கொன்றவர்களின் கணக்கிலே கொழும்புக்காரர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? கையிலே கயிறு கட்டிக்கொண்டு கைகூப்பும் நாமும் இருக்கிறோம்!

"பகுத்தறிவாளனுக்குக் கோவிலில் என்ன வேலை?" என்பது இன்னொரு கேள்வி. விளக்கேற்ற நான் அழைக்கவில்லை, விளங்கிக்கொள்ள அழைக்கிறேன். அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைக் கண்டது, இன்னொரு பூசையைத் தொடங்கவா? சாதியின் வேரைக் கெல்லவே! பெரியார் 1953 மே 27ஆம் நாளை, புத்தர் நாள் என்பதாலேயே, பிள்ளையார் உடைப்புக் கிளர்ச்சிக்குத் தேர்ந்தார். 1954இல் இரங்கூன் பௌத்த மாநாட்டுக்குச் சென்றார். அங்கே அம்பேத்கரைச் சந்தித்தார். ஆயினும் மதம் மாறவில்லை. புத்தரிடம் அவர் எடுத்துக்கொண்டது அறிவை, விட்டுவிட்டது ஆராதனையை. நாட்டு மக்களோ ஆராதனையை எடுத்துக்கொண்டு அறிவை வாசலிலே, காலணியோடு சேர்த்து விட்டுவிடுகிறார்கள்!

நம்மவரிடமும் ஒரு சொல். ஆரியத்தைச் சாடுகிறோம், சாடத்தான் வேண்டும். ஆனால், நாங்குநேரியில் அரிவாள் ஏந்திய கை அக்கிரகாரத்துக் கையன்று. நம் தெருவின் கை; நம் உறவின் கை; நம்மோடு கூட்டத்திலே கைதட்டிய கையாகவும் இருக்கக்கூடும். மேடையிலே மனுவை எரித்துவிட்டு, வீட்டிலே மகனின் மணிக்கட்டில் மனுவைக் கட்டிவிடும் தந்தையை என்னென்பது? மேலே இருப்பவனிடம் சமத்துவம் கேட்டு, கீழே இருப்பவனுக்கு அதை மறுப்பவன் சீர்திருத்தக்காரனல்லன்; பங்கு கேட்கும் ஆதிக்கக்காரன்! இதைச் சொன்னால் வாக்குக் குறையும் என்று அஞ்சுவோர் அஞ்சட்டும். வாக்குப் பெட்டிக்கு அஞ்சியா ஈரோட்டுக் கிழவர் ஊர் ஊராகச் சென்றார்?

என்ன செய்யவேண்டும்? பெரும்படை வேண்டாம். பள்ளிகள் முதலில் வாய் திறக்கட்டும். சந்துரு குழுவின் அறிக்கை ஏட்டிலே உறங்காமல், எல்லா வகுப்பறைக்கும் வரட்டும். கயிற்றை ஆசிரியர் அறுத்தெறிய வேண்டாம். அறுத்தால் நாளை இரண்டாகக் கட்டி வருவான். உபாலியின் கதையைச் சொல்லட்டும். ஆபுத்திரனின் கேள்வியைக் கேட்கட்டும். சிவகாசியும் நாங்குநேரியும் எப்படி நேர்ந்தன என்று மறைக்காமல் விளக்கட்டும். தன் கையாலே அவிழ்க்கும் பிள்ளைதான் மீண்டும் கட்டமாட்டான். பெற்றோர் கட்டாதிருக்கட்டும். அரசு தயங்காதிருக்கட்டும். வீரிருப்புக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பள்ளி ஒவ்வொன்றும், புறப்படுவதற்கு முந்தின நாளிலேயே இந்தப் பாடத்தை நடத்தட்டும்.

அந்தக் கோபுரத்தின் முன்னே எவரும் எவரையும் என்ன சாதி என்று கேட்பதில்லை. ஒரு மணி நேரம் கேட்காமல் இருக்க முடிகிறதல்லவா? அந்த ஒரு மணி நேரத்தை ஒரு நாளாக்குங்கள்; ஒரு நாளை ஓராண்டாக்குங்கள்; ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, பள்ளிக்குப் பள்ளி அதைப் பரப்புங்கள். அன்று அமைதியைத் தேடி எவரும் பேருந்து ஏற வேண்டியதில்லை!