கடைமடையில் ஓர் அளவுகோல்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்றைக்கு எத்தனை அடி என்று பாராமல் பத்திரிகையை மடித்து வைக்கிற வழக்கம் தஞ்சை ஜில்லாக்காரனுக்கு எந்நாளும் கிடையாது. நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் என்ற அந்த நாலு எண்களுக்குப் பிறகுதான் அவனுக்கு ராஜாங்க விவகாரங்களும் பிறவும்; அணை திறக்க வழக்கமான நாளாகிய ஜூன் 12 நெருங்க நெருங்க, குறுவைக்கு நாற்றங்கால் விடுவதா, சம்பாவோடு நிறுத்திக்கொள்வதா என்ற குடும்ப நிர்ணயமே அவற்றின்மீதுதான் நின்றுகொண்டிருக்கும். 2024-ஆம் ஆண்டு இருப்பு போதாமற்போய், அணை ஜூலை 28-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது என்பதை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 120 அடி முழு உயரம், 93.47 டி.எம்.சி. முழுக் கொள்ளளவு என்பதெல்லாம் இங்கே பாடப்புத்தகம் படித்து வந்த ஞானமல்ல.

கம்ப்யூட்டர்க்காரர்கள் டாஷ்போர்டு என்று சொல்லும் வர்ணப் பலகையைப் பார்த்தபோது எனக்கு அது புதிய வஸ்துவாகத் தோன்றாததற்கு இதுவே காரணம். கூகுள் நிறுவனத்துப் பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஒரு நூலில், எந்தச் சேவையைக் கண்காணிப்பதற்கும் தாமதம், போக்குவரத்து, பிழைகள், கொள்ளளவின் நிறைவு என்னும் நாலு அளவைகள் பிரதானம் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களும் நாலோடு நிறுத்திக்கொண்டது எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

என் அண்ணன் மகன், பாபநாசத்து அரிசி ஆலை ஒன்றின் பில், கணக்கு விவகாரங்களுக்காக ஓர் இணையப் பக்கத்தை நடத்தி வருகிறான். பக்கம் குடியிருப்பது ஆலையில் அல்ல. மும்பையில் எங்கோ, மாத வாடகைக்கு எடுத்த ஒரு கிளவுட் வி.எம்.மில், அதாவது மெய்நிகர் யந்திரத்தில். அந்த யந்திரத்தின் சுகதுக்கங்களை அறிவதற்காக நிரல்களைக் கண்டெய்னர் என்னும் தனிப்பெட்டிகளில் ஓட்டும் டாக்கரை அதிலேயே நிறுவி, கம்போஸ் கோப்பு ஒன்றில் சில வரிகள் எழுதி, மூன்று கண்டெய்னர்களை ஓடவிட்டிருந்தான். யந்திரத்தின் நினைவகம், வட்டு, செயலி ஆகியவற்றின் நிலையைச் சொல்லும் நோட் எக்ஸ்போர்ட்டர் ஒன்று. பதினைந்து விநாடிக்கு ஒருமுறை அதனிடம் போய்க் கேட்டு எண்களைச் சேமித்துவைக்கும் புரொமிதியஸ் மற்றொன்று. அவ்வெண்களைக் கோடுகளாகவும் வர்ணங்களாகவும் வரைந்துகாட்டும் கிராஃபானா மூன்றாவது. புரொமிதியஸ் 2012-இல் பெர்லின் நகரத்து சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்தது. கிராஃபானாவை டோர்கெல் ஓடகார்ட் என்ற ஸ்வீடன் தேசத்தவர் 2014-இல் வெளியிட்டார். இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன.

இத்தனை ஏற்பாட்டிலும் அவன் ஜாக்கிரதையாக இருந்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். கண்டெய்னரை அழித்துப் புதிதாக உண்டாக்கினால் உள்ளே எழுதியதெல்லாம் அதனோடு போய்விடும் என்பதால், எண்களைத் தனி வால்யூமில் வைத்திருந்தான். நாம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் புரொமிதியஸ் 15 நாள் சரித்திரத்தை மட்டுமே வைத்துக்கொள்ளும். சென்ற ஆண்டு இதே நாளில் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்தே பழகிய ஊரில் அது போதாதென்று, அதை ஓராண்டாக நீட்டியிருந்தான். யூ.எஃப்.டபிள்யூ. என்னும் காவல் நிரலை நம்பிக் கதவு பூட்டியிருப்பதாக நினைக்கிறவர்கள் அநேகர். டாக்கரோ அதைச் சட்டை செய்யாமல், தான் வெளியிடும் வாசல்களைத் தானே ஊருக்குத் திறந்துவிடும் என்பதறிந்து, கிராஃபானாவின் 3000-ஆம் வாசலை 127.0.0.1 என்ற உள்முகவரியோடு கட்டிப்போட்டிருந்தான்.

அப்படியிருந்தும் அறுவடை மும்முரத்தில் ஒருநாள் காலை, பில் போட முடியவில்லை என்று ஆலையிலிருந்து போன் மேல் போன் வந்தது. அவன் பலகையைத் திறந்து என்னிடம் காட்டினான். "பாருங்கள் சித்தப்பா, எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது!" என்றான். இருந்தது வாஸ்தவம். செயலி ஓய்வாக இருந்தது. வட்டில் பாதிக்குமேல் காலி. இணையப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் மட்டும் 90 நாள் ஆயுள் முடிந்து, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் நிரல் எப்போதோ நின்றுபோனதால் காலாவதியாகிக் கிடந்தது. ஆலைக் கணக்குப்பிள்ளையின் திரையிலோ 'இது அபாயமான இடம்' என்ற எச்சரிக்கைக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை. யந்திரத்தைப் பார்த்து உன் சௌக்கியம் எப்படி என்று கேட்டார்கள். அது சௌக்கியம் என்று பொய்யின்றிப் பதில் சொன்னது. ஆலைக்காரரின் சௌக்கியத்தை அதனிடம் யாரும் கேட்கவில்லை.

இந்தத் தர்க்கம் காவிரிக் கரையில் பழையது. எவ்வளவு தண்ணீர் விட்டோம் என்று விடுகிறவரும், எவ்வளவு வந்தது என்று பெறுகிறவரும் தத்தம் கணக்கைச் சொன்னால் வழக்குத் தீராது என்பதனால்தான், ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் இரு மாநிலங்களுக்கும் சேராத மத்திய நீர்வள ஆணையம் ஆற்றை அளக்கிறது. 2007-இல் நடுவர் மன்றம் விதித்த 192 டி.எம்.சி.யும், 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அதைக் குறைத்து நிர்ணயித்த 177.25 டி.எம்.சி.யும் அந்த இடத்து அளவைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. அளக்கிறவன் அளக்கப்படுகிறவன் வீட்டில் குடியிருக்கலாகாது. ஒரே வி.எம்.மில் பக்கமும் பலகையும் சேர்ந்து வாழ்ந்தால், அந்த யந்திரம் விழும் நாளில் அபாயமணி அடிக்க வேண்டியவனும் கூடவே விழுந்து கிடப்பான். பலகை சிவப்பாகக்கூட மாறாது, வெறுமனே திறக்காமல் இருக்கும்.

ஆனால் பிலிகுண்டுலுவும் முழு விடையல்ல. மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வந்து, மூன்று நான்கு நாளில் அங்கே மதகுகள் தூக்கப்பட்டு, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து ஓடிய பிற்பாடும், கடைமடையான சேதுபாவாசத்திரத்துக் குடியானவன் வறண்ட வாய்க்காலைப் பார்த்து நிற்கிற வருஷங்கள் உண்டு. தலைமடையில் எண்கள் அமோகமாக இருக்கும். கடைமடையில் ஓர் அளவுகோல் நட்டு, அங்கே நின்று பார்க்கிறவன் சொல்வதுதான் பாசனத்தின் நிஜமான நிலவரம் என்பது என் அபிப்பிராயம். மேட்டூர் நிலவரம் அச்சாகிற அளவுக்குக் கடைமடை நிலவரமும் அன்றாடம் அச்சாக வேண்டும் என்று நீர்வளத் துறையையும் பத்திரிகைகளையும் இந்தச் சந்தர்ப்பத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் மகன் இப்போது வேறொரு நகரத்தில், வேறொரு நிறுவனத்தின் சிறு வி.எம்.மை எடுத்து, பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் என்னும் கண்டெய்னரை அங்கே வைத்திருக்கிறான். அது ஆலைக் கணக்குப்பிள்ளை செய்வதுபோலவே வெளியிலிருந்து பக்கத்தின் கதவைத் தட்டி, பதில் வந்ததா, எவ்வளவு நேரத்தில் வந்தது, சான்றிதழுக்கு இன்னும் எத்தனை நாள் ஆயுள் என்று எண்களாகச் சொல்கிறது. எண்ணே வராமற்போனால் அந்த மௌனத்தையும் அபாயமாகக் கொண்டு கைப்பேசிக்குச் செய்தி அனுப்புமாறு விதி எழுதியிருக்கிறான்.

இத்தகைய பலகைகளைப் பராமரிக்கும் இளைஞர்கள், அதில் எத்தனை வர்ணங்கள் இருக்கின்றன என்று காட்டுவதற்கு முன்னால், தங்கள் பக்கம் ஓடும் கண்டெய்னரைத் தாங்களே நிறுத்திவிட்டுக் கைப்பேசி ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது தேறிய பின், கண்காணிக்கும் கண்டெய்னரையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்தப் பரீட்சைக்கு, ஆலையில் பில் போடாத ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் உகந்தது.